உன் மேல வெச்சுக் காட்டாதே

"ஒன்லி பார்டரா? ஆர் பாடி ஃபுல்லா?" என்று கலியாணசுந்தரம் கேட்டார்.

மாடிப்படியில் நின்றிருந்த ஜப்பான்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் மறுபடியும் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிறகு இரண்டு கைகளை. பிறகு நெஞ்சை. கடைசியில் திரும்பி நின்று, பின்கழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"ஒயிட்," என்றார். "எவ்ரிடே ஒயிட். டாக்டர். கோ. ப்ளீஸ்."

கலியாணசுந்தரம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சீனியர் சேல்ஸ்மேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புடவை இங்கிலீஷ். ப்யூர் சில்க், லைட் வெயிட், ஃபிக்ஸட் ரேட், நோ மிக்ஸிங். அதை வைத்துக்கொண்டே எத்தனையோ வெளிநாட்டுக்காரர்களுக்குப் புடவை கட்டி அனுப்பியிருக்கிறார். ஆனால் ஒருவருடைய தோல் வியாதியை விசாரிக்க அந்த இங்கிலீஷ் போதவில்லை.

"புட்டா புட்டாவா இருக்குதா? ஸ்மால் ஸ்மால் புட்டா?"

"புட்டா," என்று ஜப்பான்காரர் மரியாதையாகத் திருப்பிச் சொல்லி, குனிந்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்தார். அதில் ஜப்பானிய மொழியில் பேசினால் தமிழில் சொல்லும்.

"வேணாம், வேணாம்! அத எடுக்காத!" என்று கலியாணசுந்தரம் கையை ஆட்டினார். போன மாசம் மோட்டார் ரிப்பேர் என்று இவர் அதனிடம் சொல்லப்போய், அது என்ன சொல்லித் தொலைத்ததோ, அந்த மனிதர் ஒரு பெட்டி இனிப்போடு இறங்கி வந்து வாழ்த்துச் சொன்னார். அதிலிருந்து அந்தப் போனைக் கண்டாலே இவருக்கு ஆகாது. "எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஐ அண்டர்ஸ்டாண்ட். கோ அப். ரெஸ்ட்."

புரிந்ததாம். அடுத்தவர் ஒரு வாக்கியத்தை முடிக்க அவர் விட்டதாக அவர் பெண்டாட்டிகூடச் சொன்னதில்லை.

ஜப்பான்காரரின் பெயர் நகயாமா. ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். செவிலிமேட்டில் கலியாணசுந்தரத்தின் வீட்டு மாடிக்கு மூன்று மாசத்துக்கு முன்னால் குடிவந்தார். கலியாணசுந்தரத்தின் மனைவி தையல்நாயகி முதல் நாளே அவரை நாகய்யா ஆக்கிவிட்டாள். ஆள் தங்கம். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, மாடிப்படியைத் தானே கூட்டுவார். தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் கலியாணசுந்தரம் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் இறக்கிவிடுவார். வழி முழுக்க இவர் ஓயாமல் பேசுவார். அவர் கையைக் கட்டிக்கொண்டு இவர் முதுகையே பார்த்தபடி வருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கா இப்படி ஒரு கஷ்டம், அதுவும் இந்த வாரத்திலா என்று கலியாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் இளவரசிக்கு நிச்சயதார்த்தம். இதே வீட்டில்.

கலியாணசுந்தரம் சமையல்கட்டுக்கு ஓடினார்.

"தையலு! மோசம் போயிட்டோம்டி! நாகய்யாவுக்கு வெள்ள வெள்ளையா ஏதோ வந்துக்கினு இருக்குதாம்!"

"ஐயய்யோ! எங்கங்க?"

கலியாணசுந்தரம் சமையல்கட்டுச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கையை வைத்து, "இங்க நெத்தி. இங்க கை. இங்க நெஞ்சு. கழுத்துக்குப் பின்னாடிதான் ரொம்ப ஜாஸ்தி போல," என்று சுவரிலேயே காட்டினார்.

"பின்னாடின்னா, இங்கயா?" என்று தையல்நாயகி தன் கழுத்தைத் தொட்டாள்.

"ஏய்! உன் மேல வெச்சுக் காட்டாதடி!" என்று அவர் கத்திய கத்தலில் அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "அடுத்தவன் நோவ உன் மேல வெச்சுக் காட்டுவியா? செவுரு இல்ல? கதவு இல்ல? தொடைச்சுப் போடு!"

தையல்நாயகி தூ தூ என்று துப்பி, கழுத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத எதையோ வழித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"ஆனா ஏங்க, அவரு உடம்பு பளிங்கு மாதிரி இல்ல இருக்குது? ஒண்ணும் காணலியே."

"எப்படிடி தெரியும்? ஆளே வெள்ள. ஆஃப் ஒயிட் புடவையில வெள்ள புட்டா போட்டா உனக்குத் தெரியுமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

"இல்லாமயா அந்த மனுஷன் தன் மேலயே வெச்சுக் காட்டறாரு?" என்று கலியாணசுந்தரம் முடித்தார். "ஊர்ல எவனாவது இல்லாத நோவ தன் உடம்புல வெச்சுக் காட்டுவானா? இதுக்கு மேல உனக்கு என்னா சாட்சி வேணும்?"

உள் அறையிலிருந்து இளவரசி வந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருந்தது அவளுக்கு. ஒன்று வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்காக. இன்னொன்று எதற்கென்றே தெரியாமல். மூன்றாவதாக வந்த வாலாஜாபாத் முத்துக்குமாரை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

"அப்பா, அவங்கப்பாவுக்கு இது தெரிஞ்சா என்னா ஆவும் தெரியுமா? இந்த இடமும் போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் பயத்தில் அர்த்தம் இருந்தது. முத்துக்குமாரின் அப்பா வேலாயுதம் எதையும் நேரில் பார்த்து, தொட்டு, முகர்ந்து நம்புகிற ஜாதி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு போர் தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கி, வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணையே பார்த்தார்.

"யாருக்கும் தெரியாது. அப்பா பாத்துக்கறேன் போ," என்றார் கலியாணசுந்தரம். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலே வீட்டில் எல்லோருக்கும் கிலி பிடிக்கும்.

முதல் வைத்தியம் வீட்டிலேயே நடந்தது. டாக்டரிடம் போனால்தானே நாலு பேர் பார்ப்பார்கள்? தையல்நாயகி குப்பைமேனி, வேப்பிலை, பச்சை மஞ்சள், இன்னும் தோட்டத்தில் கைக்குக் கிடைத்த இரண்டு மூன்று இலை எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்து ஒரு கிண்ணத்தில் வழித்தாள். நகயாமாவைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்தார்கள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, எழுந்து நின்று, கலியாணசுந்தரத்திடம் நீட்டினார்.

"ப்ளீஸ். யூ."

"நோ, நோ. ஒன்லி யூ. ஃபார் யூ."

"யூ, ப்ளீஸ்."

"அட, என்னாய்யா இது, பந்தியில உபசாரம் பண்ற மாதிரி! உக்காருய்யா!" என்று தோளை அழுத்தி உட்காரவைத்து, நெற்றி, கை, நெஞ்சு, பின்கழுத்து என்று அவர் காட்டிய இடங்களிலெல்லாம் அப்பினார் கலியாணசுந்தரம். நகயாமா கண்ணை மூடிக்கொண்டார். நடு நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து இவரைப் பார்ப்பார். கிண்ணத்தைப் பார்ப்பார். மறுபடியும் மூடிக்கொள்வார்.

சாயங்காலம் கலியாணசுந்தரம் கடையிலிருந்து வந்தபோது நகயாமாவின் நெற்றி தக்காளி மாதிரி சிவந்திருந்தது. கை இரண்டும் தடித்திருந்தன. கழுத்து வீங்கி, தலை திரும்ப மறுத்தது. காலையில் கண்ணுக்கே தெரியாமலிருந்த வியாதி இப்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

"வெளிய வந்துடுச்சுங்க! உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு!" என்றாள் தையல்நாயகி, கொஞ்சம் பெருமையாகவே.

"வெளிய வந்தா நாலு பேர் பாப்பானே! போர்வையக் கொண்டா!"

இரண்டாவது வைத்தியம் இதுதான். நகயாமாவைத் தலையோடு காலாகப் போர்த்தி, யாரும் பார்ப்பதற்குள் மாடிக்கு ஏற்றிவிடுவது. மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. பாதிப் படியில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து சிட்டிபாபு எட்டிப் பார்த்தார். செவிலிமேட்டில் தெரு விளக்கு எரியாத நாள் உண்டு, சிட்டிபாபு எட்டிப் பார்க்காத நாள் கிடையாது.

"ஏமண்டி சுந்தரம், யாரது? நாகய்யாவா? அம்மையா?"

"அம்மையெல்லாம் இல்லப்பா. சும்மா தோலு."

"தோலா! ஒட்டுவாரொட்டியா?"

"மெதுவாப் பேசுப்பா!"

"மெதுவாப் பேசணும்னா ஒட்டுவாரொட்டிதான்," என்று சிட்டிபாபு இரண்டடி பின்னால் போனார்.

"ஒட்டாதுய்யா! ஒட்டவே ஒட்டாது! எங்க வீட்டுத் தோல் வியாதி யாருக்கும் ஒட்டாது!" என்று கலியாணசுந்தரம் ஆத்திரத்தில் தொண்டை கிழியக் கத்தினார். தெருவில் போய்க்கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பால் பாக்கெட் கேட்டுக்கு வெளியே தரையில் கிடந்தது. நிச்சயதார்த்தச் சமையலுக்குப் பேசியிருந்த ஆள் போன் செய்து, "எங்க வீட்டுலயே ஆக்கி எடுத்தாந்து வாசல்ல வெச்சுடறேங்க, உள்ள வரலீங்க," என்றார்.

கலியாணசுந்தரம் லீவு சொல்லக் கடைக்குப் போனார். வெள்ளிக்கிழமை. கல்யாணக் கூட்டம் அலைமோதியது. லீவாவது ஒன்றாவது என்று முதலாளி ஒரு மாம்பழக் கலர் புடவையை அவர் தோளில் போட்டுவிட்டார். புடவையைத் தன் தோளில் போட்டு, முந்தியை முன்னால் விட்டு, பெண்கள் முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுவதில் அந்தத் தெருவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. என்ன, நாளெல்லாம் ஜரிகை உரசி உரசிப் பின்கழுத்து அரிக்கும்.

"அண்ணே, எங்க நெத்தியில வெச்சது பத்து மணிக்கே காணாமப் போயிடுது. உங்க கழுத்துல மட்டும் சாயங்காலம் வரைக்கும் திருநீறு கலையறதே இல்லண்ணே," என்றார் பக்கத்து கவுன்ட்டர் விமல்ராஜ்.

அதைக் கேட்டால் எப்போதும் அவருக்கு உள்ளுக்குள் குளிரும். காலையில் குளித்த ஈரத்தோடு திருநீற்றைக் குழைத்து நெற்றியிலும் கைகளிலும் நெஞ்சிலும் கழுத்துக்கு முன்னும் பின்னும் பட்டை பட்டையாக இழுத்துக்கொண்டால்தான் அவருக்குக் காபி இறங்கும். "அதெல்லாம் பக்திப்பா. கடையில கிடைக்காது," என்று பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார். அந்தச் சமயம் பார்த்து போன் அடித்தது. வேலாயுதம்.

"சம்பந்தி, உங்க வீட்டுல யாருக்கோ தோல் வியாதியாமே?"

கலியாணசுந்தரம் மாம்பழக் கலர் புடவையோடு கடைக்கு வெளியே வந்துவிட்டார்.

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொன்னா என்னாங்க. இருக்குதா, இல்லியா?"

"எங்க வீட்டுல இல்லீங்க சம்பந்தி. மாடில. குடியிருக்காரே ஜப்பான்காரரு, அவருக்கு. அதுகூட ஒண்ணுமில்ல. பல்லி விழுந்துச்சு."

"பல்லி விழுந்தா பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கினு போயி தங்கப் பல்லியத் தொட வெக்கிறதுதான? வெளியூர்க்காரன்லாம் பஸ் புடிச்சு வந்து தொடறான். காஞ்சிபுரத்துலயே இருந்துக்கினு நீங்க சும்மா இருக்கீங்க?"

"சும்மா இல்லீங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட…" என்று வாயை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டாக்டரா? அப்ப பல்லி இல்ல," என்றார் வேலாயுதம். "நல்லதாப் போச்சு. நானும் வந்துடறேன். டாக்டரு வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா ரெண்டு வீட்டுக்கும் நிம்மதி பாருங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்."

தள்ளிப் போட்டுக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கலியாணசுந்தரத்துக்கா தெரியாது? போன இரண்டு இடமும் தள்ளிப் போட்டதுதான். இன்னும் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை அவர் நகயாமாவை ஆட்டோவில் ஏற்றினார். கூட வருகிறேன் என்று தையல்நாயகி கிளம்பியதற்கு, "ஏன், பேண்டு வாத்தியமும் வெச்சுக்கலாமா?" என்று எரிந்து விழுந்தார். டாக்டர் பிரியதர்ஷினியின் தோல் கிளினிக் நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று கலியாணசுந்தரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறினார். கிளினிக்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், "வாங்க கலியாணசுந்தரம், உங்களுக்கா?" என்றார்கள்.

"எனக்கில்ல! எனக்கில்ல!"

டோக்கன் போடுகிற மேஜையில் நர்ஸ் மேரி உட்கார்ந்திருந்தாள்.

"பேஷண்ட் பேரு?"

கலியாணசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் நகயாமா முன்னால் வந்து, வீங்கிய கழுத்தோடு சிரமப்பட்டுக் குனிந்து, "கல்யாணசுந்தரம்," என்று திருத்தமாகச் சொன்னார்.

மேரி எழுதப்போனாள்.

"அட, எழுதாதம்மா! அது என் பேரு! இந்த ஊர்ல அவருக்குச் சொல்ல வந்த ஒரே பேரு அதுதான், அதச் சொல்லித் தொலைக்கிறாரு. நாகய்யான்னு போடு."

நகயாமா விடவில்லை. உள்ளங்கையை விரித்து, சாமிக்குத் தட்டு நீட்டுவது போலக் கலியாணசுந்தரத்தின் பக்கம் காட்டினார். "கல்யாணசுந்தரம்," என்றார் மறுபடியும், கெஞ்சுகிற குரலில்.

"ஆமாய்யா, நான்தான் கூட்டிக்கினு வந்திருக்கேன். எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. உக்காரு!"

நகயாமாவின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். சொறி சிரங்கோடு வந்தவர்களே ஒதுங்கி நின்றதுதான் கலியாணசுந்தரத்துக்குத் தாங்கவில்லை. "உங்களுக்கு இருக்கறதுதாங்க அவருக்கும்!" என்று எரிந்து விழுந்தார்.

அந்த நேரத்தில் வேலாயுதம் வந்து சேர்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், மூக்கில் கைக்குட்டை. நகயாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது. கலியாணசுந்தரத்தின் காதருகில் வந்து, "பிரதர்?" என்றார்.

"சம்பந்தி. ரிலேஷன்."

நகயாமா தன் நெற்றியையும் கையையும் தொட்டு, "சேம். சேம்," என்றார் வருத்தமாக.

"யெஸ், யெஸ். சேம் சேம்."

வேலாயுதம் கைக்குட்டையைக் கொஞ்சம் இறக்கினார். "பாத்தீங்களா சம்பந்தி? ரெண்டு குடும்பமும் ஒண்ணுதான்னு ஜப்பான்காரனுக்கே தெரியுது." பிறகு மறுபடியும் ஏற்றிக்கொண்டார். "ஆனா டாக்டரு என்னா சொல்றாங்கன்னு பாப்போம்."

நாகய்யா என்று மேரி கூப்பிட்டதும் மூன்று பேரும் அவளோடு உள்ளே போனார்கள். டாக்டர் பிரியதர்ஷினி நிமிர்ந்து பார்ப்பதற்குள் கலியாணசுந்தரம் ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், இவருக்கு மூணு நாளா, வெள்ள வெள்ளையா, மொதல்ல பார்டர்ல வந்துச்சு, அப்புறம் பாடி ஃபுல்லா…"

"நீங்க பேஷண்டா?"

"இல்லீங்க. அவருக்குப் பேச வராது."

"உங்களுக்கு நிறுத்த வராது போல. உக்காருங்க."

டாக்டர் நகயாமாவின் நெற்றியையும் கையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பின்கழுத்தைப் பார்த்தார். "இது இலையால வந்த அலர்ஜி. எந்தப் புண்ணியவான் பூசினது?"

கலியாணசுந்தரம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"மத்தபடி அருமையான தோல். ஒரு குறையும் இல்ல."

"வெள்ள இருக்குது டாக்டர்! அவரே தன் மேல வெச்சுக் காட்டினாரு!"

வேலாயுதம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தேமலாங்க? இல்ல அந்த இன்னொண்ணாங்க? மறைக்காம சொல்லுங்க, நாளைக்கு இவங்க வீட்டுல என் பையனுக்கு நிச்சயம்."

"தேமல்னா ஒரு களிம்பு, கொஞ்ச நாள்ல போயிடும். அந்த இன்னொண்ணு, வெண்புள்ளி, அதுவும் யாருக்கும் ஒட்டாது. இதுக்கெல்லாம் எதுக்குய்யா நிச்சயத்த இழுக்கறீங்க?" டாக்டருக்கே எரிச்சல் வந்துவிட்டது. நகயாமாவைப் பார்த்து, இங்கிலீஷில் மெதுவாக, இலை பூசுவதற்கு முன்னால் என்ன கஷ்டம் இருந்தது என்று கேட்டார். நகயாமா தயங்கி, செல்போனை எடுத்தார்.

"அத எடுக்க விடாதீங்க டாக்டர், அது குடும்பத்தக் கெடுக்கிற மிஷின்…"

டாக்டர் ஒரு விரலை உயர்த்தினார். கலியாணசுந்தரம் வாயை மூடினார். மூன்று மாதத்தில் முதல்முறையாக நகயாமா நினைத்ததையெல்லாம் நிறுத்தாமல் பேசி முடித்தார். பிறகு போனை மேஜைமேல் வைத்தார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிக்கிற தமிழில் ஆரம்பித்தது.

"எனக்கு நோய் இல்லை. நோய் வீட்டுக்கார ஐயாவுக்கு."

"பொய்!" என்றார் கலியாணசுந்தரம்.

"உஷ்!" என்றார்கள் டாக்டரும் வேலாயுதமும் மேரியும்.

"தினமும் காலையில் அவருடைய நெற்றியிலும் கைகளிலும் வெள்ளைக் கோடுகள் தோன்றுகின்றன. மாலையில் குறைகின்றன. மறுநாள் மீண்டும் வருகின்றன. இந்த ஊரில் பலருக்கும் இது லேசாக இருக்கிறது. ஐயாவுக்கு முற்றிவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவருடைய கழுத்தைத் தினமும் பார்க்கிறேன். மிகவும் துயரமாக இருக்கிறது. பெரியவரை நோக்கிக் கை நீட்டுவது மரியாதை இல்லை என்பதால் என் உடம்பில் காட்டினேன். அவர்கள் எனக்கு மருந்து பூசினார்கள். மிகவும் எரிந்தது. நான் பூசிக்கொண்டால் ஐயாவும் கூச்சப்படாமல் பூசிக்கொள்வார் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது அவருடைய சகோதரருக்கும் பரவியிருக்கிறது. தயவுசெய்து இருவரையும் காப்பாற்றுங்கள்."

முதலில் மேரிக்குத்தான் தாங்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். வேலாயுதம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"எனக்கும் பரவிடுச்சாம் சம்பந்தி! எனக்கும் பரவிடுச்சாம்!"

கலியாணசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் மானம் போயிருக்கிறது. பால் பாக்கெட் தரையில் கிடந்திருக்கிறது. பாதி ஊர் அவரைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறது.

"திருநீறுய்யா! திருநீறு! காட் பவுடர்! சிவா பவுடர்!" என்று நகயாமாவின் முகத்துக்கு நேரே கத்தினார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார். நகயாமாவின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. எழுந்து நின்று, தலை மேஜையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, ஏதோ சந்தேகம் தீராதவர் போல, தயங்கித் தயங்கித் தன் பின்கழுத்தைத் தொட்டார்.

"ஹியர்… ஆல்ஸோ பவுடர்?"

"ஹியர் ஆல்ஸோ! எவ்ரிவேர் பவுடர்! ப்யூர் பவுடர்! நோ மிக்ஸிங்!"

"விடுங்க சம்பந்தி," என்றார் வேலாயுதம், இன்னும் சிரித்துக்கொண்டே. "நமக்குச் சந்தேகம் தீந்துபோச்சு. நாளைக்குக் காலையில தட்டோட வரோம்."

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள். கலியாணசுந்தரம் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"விட மாட்டேன் சம்பந்தி. என்னையா வியாதிக்காரன்னு சொன்னாரு? உங்க கண்ணு முன்னாடியே தொடைச்சுக் காட்டறேன். என் மேல ஒரு பொட்டு வெள்ள மிச்சம் இருந்துச்சுன்னா, நாளைக்கு நிச்சயத்த நீங்களே நிறுத்திடுங்க!"

"ஐயோ, எதுக்குங்க அவ்ளோ பெரிய வார்த்தை?"

"சொன்னா சொன்னதுதான். ஃபிக்ஸட் ரேட்! சிஸ்டர், ஈரப் பஞ்சு குடும்மா!"

நெற்றியைத் துடைத்தார். பஞ்சு வெளுத்தது, நெற்றி பளிச்சென்று கறுத்தது. "கான்? போச்சா?" என்று நகயாமாவைக் கேட்டார். "கான்," என்றார் நகயாமா, நிம்மதியாக. வலது கையைத் துடைத்தார். போயிற்று. இடது கையைத் துடைத்தார். போயிற்று. நெஞ்சையும் துடைத்து, வேலாயுதத்துக்கும் டாக்டருக்கும் புடவை முந்தியைக் காட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினார்.

"பின்கழுத்துக்குக் கை எட்டல சிஸ்டர், நீயே தொடைச்சு விடும்மா," என்று சொல்லிவிட்டு, நகயாமாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "மூணு மாசமா என் பின்னாடி உக்காந்துக்கினு வரீயே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? எங்க ஊர்ல அடுத்தவன் நோவ எவனும் தன் மேல வெச்சுக் காட்ட மாட்டான். செவுத்துலதான் காட்டுவான். கத்துக்கோ…"

மேரி துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்தாள். அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு, ஸ்பிரிட் தொட்டு வேறு பஞ்சு எடுத்து, அழுத்தித் துடைத்தாள்.

"டாக்டர்," என்றாள், "இது மட்டும் போவலியே."